சுவரைக் கடக்கும் புகைக்குழாய்: காக்ஸ் டவுன் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பெங்களூரின் காக்ஸ் டவுனில் விறகு எரிவது இன்னும் நின்றுவிடவில்லை. பழைய வீடுகளின் பின்கட்டில் வெந்நீர் அடுப்பு இருக்கிறது. பேக்கரிக்காரர்களிலும் பிரியாணிக் கடைக்காரர்களிலும் விறகை விடாதவர்கள் இருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது: மாடி அறையில் பீட்சா அடுப்பு கட்டிக்கொள்பவர்கள், டிசம்பர் குளிருக்கு வரவேற்பறையில் இரும்புக் கணப்படுப்பு வைக்க ஆசைப்படுபவர்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்றுதான். அடுப்பு அறைக்குள் இருக்கிறது, புகை வெளியே போயாக வேண்டும், நடுவில் சுவர். அதை எப்படித் துளைப்பது? துளைத்த பிறகு குழாயை எங்கே கொண்டுபோவது?

மேஸ்திரியைக் கேட்டால் உடனே பதில் வரும்: "ஆறு இஞ்சுக்கு ஓட்டை போட்டு, பைப்பை விட்டு, சுத்தி சிமெண்ட் பூசிடலாம் சார்." தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. நெருப்பின் புகைக்கு அந்தப் பதிலின் ஒவ்வொரு பகுதியும் தவறு. ஓட்டையின் அளவு தவறு, பூசும் முறை தவறு, சுவருக்கு வெளியே என்ன என்ற கேள்வியே அதில் இல்லை. அடுப்பையும் குழாயையும் விலை கொடுத்து வாங்கும் நாம், அவை சுவரைச் சந்திக்கும் ஒன்றரை அடி இடத்தை யோசிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆபத்து குடியிருப்பது அந்த ஒன்றரை அடியில்தான்.

இந்த வட்டாரம் உருவான விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. 1898-இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. நெரிசலும் காற்றோட்டமின்மையும் நோயை வளர்க்கின்றன என்ற எண்ணத்தில் கண்டோன்மென்ட்டுக்கு வடக்கே புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. ஃப்ரேசர் டவுன் 1910-இல் அப்படி எழுந்தது. அதை ஒட்டி வளர்ந்த காக்ஸ் டவுன், கலெக்டராக இருந்த அலெக்சாண்டர் ரேங்கன் காக்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்துப் பங்களாவில் சுவர் ஒன்றரை அடி கனம். கூரைக்கு அடியில் காற்றுப் போக வென்டிலேட்டர். சமையலறை பின்னால் தள்ளி இருக்கும். புகைச் சிக்கலை அவர்கள் தூரத்தாலேயே தீர்த்துவிட்டார்கள். கணப்பு வைத்த சில வீடுகளில் செங்கல் புகைபோக்கி சுவரின் உடம்புக்குள்ளேயே எழும்பி, மங்களூர் ஓட்டுக் கூரையைத் தாண்டி நேராக மேலே போகும். சுவரைக் குறுக்கே துளைத்துப் போகும் உலோகக் குழாய் என்ற ஒன்று அந்த வீடுகளுக்குத் தேவைப்படவில்லை. பங்களாக்களை இடித்து, முப்பதுக்கு நாற்பது அடி மனைகளில் நான்கு மாடி எழும்பிய பிறகுதான் அடுப்பு வீட்டின் நடுவுக்கு வந்தது. அடுத்த வீட்டு ஜன்னலும் கை எட்டும் தூரத்துக்கு வந்தது.

புகை தானாக மேலே போகும் என்று நம்புகிறோம். அதைத் தூக்கிப்போவது குழாயின் உயரமும் உள்ளிருக்கும் சூடும் மட்டுமே. சூடான வாயு லேசானது. வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. இந்த எடை வித்தியாசம்தான் இழுப்பு. கடல் மட்டத்தில் நான்கு மீட்டர் உயரக் குழாய், உள்ளே 200 டிகிரி, வெளியே 25 டிகிரி என்று கணக்கிட்டால் இழுப்பு ஏறக்குறைய 17 பாஸ்கல் வரும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி இங்கே பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே குழாய் இங்கே 15 பாஸ்கல் அளவுக்குத்தான் இழுக்கும். சென்னையில் சரியாக வேலை செய்த அடுப்பு இங்கே சற்று மந்தமாகப் புகைவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் மிகச் சிறிய விசைகள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலே போதும், இந்த இழுப்பைத் தோற்கடித்துப் புகையை அறைக்குள் திருப்பிவிடும். கதவு ஜன்னலை இறுக மூடிய அறையிலும் இதே கதைதான். எரிவதற்குக் காற்று உள்ளே வந்தால்தான் புகை வெளியே போகும்.

ஆகவே குழாயின் ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு அடிப் படுக்கை ஓட்டமும், ஒவ்வொரு இஞ்ச் சுருக்கமும் அந்தச் சிறிய விசையிலிருந்து கழித்தல் கணக்கு. ஆறு இஞ்ச் வாய் உள்ள அடுப்புக்கு, கையில் கிடைத்தது என்று நான்கு இஞ்ச் குழாயைப் பொருத்தினால் புகை போகும் பாதை பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். அடுப்பின் வாய் என்ன அளவோ அதே அளவு குழாய் கடைசி வரை போக வேண்டும். அடுப்பிலிருந்து குறைந்தது இரண்டு அடி நேராக மேலே ஏறிய பிறகே முதல் வளைவு வர வேண்டும். சுவரை நோக்கிப் போகும் படுக்கைத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதுவும் மட்டமாக இருக்கக் கூடாது. அடிக்குக் கால் இஞ்ச் வீதம் சுவரை நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும்.

இனி சுவர்.

மரச்சட்டத்தில் வீடு கட்டும் அமெரிக்காவில் இந்த விஷயத்துக்கு என்.எஃப்.பி.ஏ. 211 என்ற தரநூல் இருக்கிறது. ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் நடுவே 18 இஞ்ச் இடைவெளி வேண்டும் என்கிறது அது. மரச்சுவரைக் கடக்கும் இடத்தில் குழாயைச் சுற்றி 12 இஞ்சுக்குச் செங்கல் வைப்பது அது காட்டும் வழிகளில் ஒன்று. உள்ளே வெப்பத்தடை திணித்துச் சோதித்துச் சான்று பெற்ற இரட்டைச் சுவர்ப் புகைபோக்கிக்கு இரண்டு இஞ்ச் போதும். பிரிட்டனில் குழாயின் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு தூரம் என்பது பொதுக் கணக்கு.

இதைக் கேட்டதும் நம் ஊர்க்காரர் சொல்வார்: "நம்ம சுவர் செங்கல். எரியாது." சுவர் எரியாது, உண்மை. ஆனால் சுவரில் இருப்பவை எரியும். பங்களா என்றால் கூரையைத் தாங்கும் மரச்சட்டம், மங்கி டாப் என்று சொல்லும் மர வேலைப்பாட்டு முகப்பு, கதவு நிலை. புது ஃபிளாட் என்றால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிந்த மரச்சட்டம், பிளைவுட் அலமாரி, வெளிப்புறத்தில் அழகுக்கு ஒட்டிய அலுமினியப் பலகை. அந்தப் பலகைகள் பலவற்றின் நடுவில் இருப்பது பிளாஸ்டிக். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பூச்சுக்குள் புதைந்திருக்கும் மின்சார ஒயர். வீடுகளில் போடும் சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை 70 டிகிரி வரைதான் தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படுவது. அடுப்பை ஒட்டிய குழாயின் உள்ளே புகை 200 முதல் 400 டிகிரி வரை போகும். அந்தக் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பூசி, அந்தச் சிமெண்ட்டுக்குள் இரண்டு இஞ்ச் தள்ளி ஒயர் ஓடினால், உறை மெல்ல மெல்ல உருகிக்கொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

மரத்தின் ஆபத்து இன்னும் தந்திரமானது. தினமும் சூடாகிக் காயும் மரம் உள்ளுக்குள் கரியாகிக்கொண்டே வரும். அது பற்றிக்கொள்ளத் தேவைப்படும் வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். முதல் குளிர்காலத்தில் தொட்டுப் பார்த்து, "லேசான சூடுதான்" என்று விட்டுவிட்ட சட்டம், பல ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் பற்றலாம். அன்று வழக்கத்தைவிட அதிகம் விறகு போட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்ற சமாதானம் இந்த விஷயத்தில் செல்லாது.

துளை எப்படி இருக்க வேண்டும்? குழாய் ஆறு இஞ்ச் என்றால் துளை எட்டு முதல் பத்து இஞ்ச். உள்ளே முதலில் ஓர் அகலமான உலோக உறையைப் பதிக்க வேண்டும். சிமெண்ட் பூச்சு அந்த உறையோடு நின்றுவிட வேண்டும். புகைக்குழாய் அந்த உறைக்குள் தொடாமல் போகும். நடுவில் உள்ள இடைவெளியில் செராமிக் ஃபைபர் கம்பளமோ ராக் வூலோ தளர்வாகச் சுற்றி, இரு பக்கமும் தகட்டு வளையத்தால் மூடலாம். தெர்மோகோல், ஸ்பிரே ஃபோம், எம்-சீல், சிலிக்கான் எதுவும் அந்த இடத்துக்கு வரக் கூடாது. ஃபோம் அடைத்தால் பார்க்க மிகச் சுத்தமாக இருக்கும்; அது எரியும்போது வரும் புகை விஷம்.

சிமெண்ட்டை ஏன் நேரடியாகப் பூசக் கூடாது? குழாய் நீளும். மூன்று மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும், ஆறியதும் சுருங்கும். ஒவ்வொரு முறை அடுப்பு மூட்டும்போதும் அது நகர வேண்டும். சிமெண்ட்டால் இறுக்கிப் பிடித்தால் பூச்சு வெடிக்கும், அல்லது குழாயின் இணைப்பு விடும். இணைப்பு விட்ட இடத்தில், இழுப்பு குறையும் நேரங்களில், கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரும்.

துளை போடும் ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுத்தியலும் உளியும் வைத்து இடிப்பதைவிடக் கோர் கட்டிங் இயந்திரம் நல்லது, அதிலும் மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய பழைய சுவர்களுக்கு. தூண், பீம், லிண்டல் எதையும் தொடக் கூடாது. பழைய சுவரில் துளைக்கு மேலே ஒரு சிறிய தாங்கு கல் வைப்பது அவசியம். ஸ்விட்ச் போர்டிலிருந்து ஒயர் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்து, மெயினை அணைத்த பிறகே துளைக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி நடப்பது ஒன்று. மின்சாரச் சமையலறை சிம்னி மாட்ட வருபவரையே விறகடுப்புக் குழாய்க்கும் கூப்பிடுகிறார்கள். அவர் கொண்டுவருவது அக்கார்டியன் போல மடிந்து விரியும் மெல்லிய அலுமினியக் குழாயும், வெளிச்சுவரில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் மூடியும். எண்ணெய் ஆவியைத் தள்ளும் வெதுவெதுப்பான காற்றுக்காகச் செய்த பொருள் அது. விறகுப் புகையில் அந்த மடிப்புகள் ஒவ்வொன்றிலும் தார் தங்கும். ஒரு நாள் அந்தத் தார் பற்றினால் குழாய்க்குள் வெப்பம் ஆயிரம் டிகிரியை எட்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். கால்வனைஸ் செய்த ஜி.ஐ. தகரமும் அடுப்பை ஒட்டிய பகுதிக்கு ஆகாது. அதன் மேலுள்ள துத்தநாகம் 420 டிகிரியில் உருகத் தொடங்கும். கனமான கருப்பு இரும்புத் தகடு அல்லது 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் உள்ளே பயன்படுத்த ஏற்றது. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய் இன்னும் சில கடைகளில் கிடைக்கிறது. திடீர்ச் சூட்டில் விரிசல் விடுவது, அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு எமன் என்பது, இரண்டு காரணங்களாலும் அதை வாங்கவே வேண்டாம்.

இணைப்பு பற்றி ஒரு சண்டை எப்போதும் வரும். தகர வேலைக்காரர் மேல் குழாயைக் கீழ்க் குழாய்க்கு வெளியே மாட்டுவார், புகை கசியக் கூடாதே என்று. சரியான முறை அதற்கு நேர் எதிர். மேல் குழாயின் முனை கீழ்க் குழாயின் உள்ளே இறங்க வேண்டும். இழுப்பு இருக்கும் குழாயில் புகை வெளியே கசிவதில்லை, காற்றுத்தான் உள்ளே உறிஞ்சப்படும். வழிவது தார். அது குழாயின் உட்புறம் வழியாகக் கீழே இறங்கும்போது, தலைகீழாக மாட்டிய இணைப்பில் வெளியே ஒழுகிச் சூடான குழாயின் மேல் கருப்புக் கோடு போடும். பழைய அடுப்புகளில் அந்தக் கோட்டைப் பார்க்கலாம், நாற்றமும் அங்கிருந்துதான். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகாணி முடுக்கினால் குழாய் அசையாது.

சுவரைத் தாண்டியதும் பெரும்பாலான குழாய்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. இதுதான் என்னை மிகவும் வருத்தும் காட்சி. சந்துக்குள் நடந்தால் ஒரு சாண் நீளக் குழாய், அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நிற்கும். அந்த வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குழலில் போய் இறங்கும் புகையை நாம் வெளியேற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரை விடுங்கள். நம் அடுப்புக்கே அது நல்லதல்ல. காற்று எதிரே அடிக்கும் நாளில் புகை முழுவதும் நம் அறைக்குத் திரும்பும். உயரம் இல்லாத குழாயில் இழுப்பே கிடையாது.

வெளியே வந்ததும் ஒரு 'டி' இணைப்பு வைத்து, அதன் கீழ்வாயைக் கழற்றும் மூடியால் அடைத்து, மேல்வாயிலிருந்து குழாயை நேராக ஏற்ற வேண்டும். மழைத் தண்ணீரும் உதிரும் கரியும் அந்தக் கீழ் மூடியில் தங்கும். மாதம் ஒருமுறை கழற்றிக் கொட்டலாம். வெளியே ஏறும் பகுதிக்கு இரட்டைச் சுவர்க் குழாய்தான் வேண்டும். ஒற்றைத் தகரம் குளிர்ந்துவிடும். புகை 120 டிகிரிக்குக் கீழே ஆறினால் அதில் உள்ள ஆவி கிரியோசோட் என்ற எரியும் தாராகக் குழாயில் படியும். உச்சி கூரையைத் தாண்டும் இடத்துக்கு மூன்று அடி மேலே இருக்க வேண்டும். பத்து அடிச் சுற்றுவட்டத்தில் இருக்கும் எதைக் காட்டிலும் இரண்டு அடி உயர்ந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்துக் கட்டடம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மழைத் தொப்பி அவசியம். பறவை கூடு கட்டாமல் இருக்க வலையும் வேண்டும். வலை சின்னக் கண்ணாக இருந்தால் கரி அடைத்து அதுவே குழாயை மூடிவிடும்.

எரிப்பதையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. வெட்டியவுடன் விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை சவுக்கையோ யூகலிப்டஸையோ பிளந்து, மழை படாமல் மாதக்கணக்கில் அடுக்கி வைக்க வேண்டும். ஈர விறகு எரிக்கும் வீட்டில் எவ்வளவு நல்ல குழாயும் தாரால் நிறையும். பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த பலகை எரிப்பது நச்சுப் புகையை நாமே விலைக்கு வாங்குவது.

காக்ஸ் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, இந்திய அறிவியல் கழகத்தில், இந்தக் கேள்வியை வேறொரு கோணத்தில் ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். ஏ.கே.என். ரெட்டி 1974-இல் அங்கே தொடங்கிய அஸ்த்ரா என்ற அமைப்பு, கிராமத்துக்குத் தேவையான தொழில்நுட்பத்தையே பணியாக எடுத்துக்கொண்டது. அங்கே 1980-களின் தொடக்கத்தில் உருவானது அஸ்த்ரா ஒலெ: மூன்று பாத்திரம் வைக்கும் மண் அடுப்பு, மூடிய எரியறை, அடியில் சல்லடை, பின்னால் புகைபோக்கி. ஆய்வகத்தில் அதன் திறன் நாற்பது சதவீதத்தைத் தாண்டியது. மூன்று கல் அடுப்பைவிடப் பல மடங்கு. அதற்கும் முன்பே ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து, 'ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் தி மில்லியன்ஸ்' என்று 1953-இல் எழுதிய நூல் சென்னையில் அச்சானது. 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி, 2002-இல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது.

அவற்றில் பெரும்பகுதி நிலைக்கவில்லை. ஏன் என்பதற்கு ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் நடத்திய ஆய்வு தெளிவான பதில் தருகிறது. புகைபோக்கி அடுப்பு பெற்ற குடும்பங்களை அவர்கள் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் உள்ளிழுத்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்தது. அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை, குழாயைச் சுத்தம் செய்யவில்லை. அடுப்பின் வடிவத்தில் நம் அறிஞர்கள் செலுத்திய கவனத்தில் பாதியாவது குழாயைத் துடைக்கும் ஆளை உருவாக்குவதில் அரசு செலுத்தியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நகரத்து வீட்டுக்கும் இதே பாடம்தான். நீளக் கம்பியில் தூரிகை கட்டி ஆண்டுக்கு ஒருமுறையாவது, தினமும் எரிப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மேலிருந்து கீழே வரை தேய்க்க வேண்டும். தேய்க்க முடியாத இடத்தில் குழாயைப் பொருத்தவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? புகைபோக்கி, புகைக்குழாய், கணப்பு ஆகியவற்றின் தீப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 1645 என்ற இந்தியத் தரநூல் 1960-லேயே வந்துவிட்டது. நம் கட்டடத் தொழிலில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அரிது. டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் உயரத்துக்குத் தெளிவான கணக்கு இருக்கிறது: கட்டடத்தின் உயரத்தோடு, கே.வி.ஏ. திறனின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீட்டர். 100 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் கட்டடத்துக்கு மேல் இரண்டு மீட்டர். தினமும் எட்டு மணி நேரம் விறகு எரிக்கும் அடுப்புக்கும் இத்தகைய எளிய சூத்திரம் ஒன்றை மாநகராட்சி உரிமம் கொடுக்கும்போதே கேட்கலாம். மும்பையில் இது நீதிமன்றம் வரை போனது. விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. பெங்களூரிலும் அந்த நாள் வரும். அதற்கு முன்பே உயரமான, சுத்தமான குழாய் வைத்துக்கொள்வது இங்குள்ள கடைக்காரர்களுக்கே நல்லது.

கார்பன் மோனாக்சைடு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக ஒட்டிக்கொள்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் மறுபடியும் மறுபடியும் படிக்கிறோம். வெந்நீர் போடும் செம்பு பாய்லரை மழைக்குப் பயந்து குளியலறைக்குள் தூக்கி வைப்பதும் அதே ஆபத்துதான். அதன் நடுக்குழாய்ப் புகை அறைக்குள்ளேயே முடிகிறது. அடுப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டுங்கள், அடைக்க முடியாத ஒரு காற்று வழியைச் சுவரில் விடுங்கள். தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

வீட்டுக்குள் எரியும் எரிபொருள்களின் புகையால் உலகில் 2020-இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு விறகைத் தவிர வேறு வழியில்லை. காக்ஸ் டவுனில் குளிர்காலத்தை வைத்துப் பார்த்தால் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 1884 ஜனவரி 13 அன்று 7.8 டிகிரி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் சராசரி பதினாறு டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு கம்பளி போதும்.

எனவே இந்த வட்டாரத்துக்கு என் முடிவு இது. தனி வீடு, மேல்மாடி உங்களுடையது, சுற்றிப் பத்தடிக்குள் உங்கள் கூரையைவிட உயர்ந்த கட்டடம் இல்லை என்றால், மேலே சொன்ன முறையில் உறை பதித்து, குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றி, ஆண்டுதோறும் துடைத்து, விறகடுப்பை நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். குழாயைச் சுவரோடு நிறுத்தத்தான் முடியும், மேலே கொண்டுபோக வழியில்லை என்றால், அந்த வீட்டில் விறகடுப்பு வேண்டாம். மேஸ்திரி துளை போடத் தொடங்குவதற்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஏறி, உச்சி எங்கே முடியும் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.